துரு தின்ற உளிகள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பரணில் இருந்து தாத்தாவின் தச்சுப் பெட்டியை இறக்கினேன். தாத்தா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி. இரும்பு எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தது. ஒரு உளியின் மேல் பக்கத்தில் ஏதோ ஆங்கில எழுத்துகள் பதித்த மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. ஆர்வக்கோளாறில் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். போதவில்லை என்று சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. எழுத்து? கடைசியில் 'ஈ எல் டி' என்று மூன்று மட்டும் மிஞ்சியது. அது ஷெஃபீல்டாக இருக்கலாம் என்று ஊகிக்கத்தான் முடிகிறது. செய்தவர் பெயர் துருவோடு போய்விட்டது.

அந்தக் குற்ற உணர்ச்சியில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. (பி.காம். மாணவனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தேய்மானம் எங்கள் பாடம்தானே!)

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ். 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கப்பல்களோடு நடந்த சண்டையின்போது போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 500 பேர், பிழைத்தவர்கள் 35க்கும் குறைவு. 437 வருடம் சேற்றில் கிடந்து 1982 அக்டோபர் 11 அன்று மேலே வந்தது. உள்ளே கப்பல் தச்சர்களின் அறையும், அவர்களுடைய கருவிகளும் இருந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அழிந்துபோகும் என்று நாம் நினைக்கிற மரம் இருக்கிறது, இரும்பைக் காணோம்! இழைப்புளியின் கட்டை இருக்கிறது, அலகு இல்லை. கைப்பிடிகள் இருக்கின்றன, அவற்றில் மாட்டியிருந்த இரும்பு உப்புத்தண்ணீரில் கரைந்துவிட்டது. எந்தப் பிடி எந்தக் கருவியுடையது என்று வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதை ஸ்வீடனில். 1936-ல் காட்லாந்து தீவில், தண்ணீர் வடித்து வயலாக்கிய ஒரு சதுப்பு நிலத்தை விவசாயி ஒருவர் உழுதுகொண்டிருந்தார். கலப்பை எதிலோ இடித்தது. ஏறக்குறைய மூன்றடி நீள ஓக் மரப்பெட்டி, சுற்றிலும் இரும்புச் சங்கிலி. கோடரி, வாய்ச்சி, ரம்பம், துளை போடும் துரப்பணம், அரம், சுத்தியல், குறடு என்று 200க்கும் மேற்பட்ட பொருட்கள். ஒரே ஆள் தச்சரும் கொல்லருமாக இருந்திருக்க வேண்டும். வைக்கிங் காலம், அதாவது சுமார் ஆயிரம் வருடம் பழசு. மாஸ்டர்மீர் பெட்டி என்று பெயர். நானூறு வருடத்தில் மேரி ரோஸில் காணாமல் போன இரும்பு இங்கே ஆயிரம் வருடம் தாங்கியது எப்படி?

துருப்பிடிக்க இரும்புக்குத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். சதுப்புச் சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. கடலிலோ உப்பு சேர்ந்து அரிப்பை வேகப்படுத்துகிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்புத் துருவோ உப்பிப் பொரிந்து உதிரும். உதிர உதிர உள்ளே புது இரும்பு மாட்டிக்கொள்ளும். பரணில் மழைக்கால ஈரத்துக்கே தாத்தாவின் உளி அந்தக் கதிக்கு வந்தது.

துருவை எடுக்க வழிகள் நிறைய. வினிகரில் ஊறப்போடலாம். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே அமில வேலைதான். சலவை சோடா கரைத்த தண்ணீரில் கருவியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவிக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால் மின்சாரமே துருவைக் கழற்றும். (ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய அறையில் வேண்டாம். நேர்முனைக்கு எவர்சில்வர் வைக்கவே கூடாது, நச்சுள்ள குரோமியம் கரைந்து வரும்.) அருங்காட்சியகங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தன. 1888-ல் பெர்லின் அரச அருங்காட்சியகங்களில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் ஃபிரெட்ரிக் ராத்கென் என்ற வேதியியலாளர் பழைய உலோகப் பொருட்களை மின்வேதி முறையில் சுத்தம் செய்தார். இதைப் பற்றி 1898-ல் புத்தகமும் எழுதினார்.

பிற்காலத்தில் நிபுணர்கள் மனதை மாற்றிக்கொண்டார்கள். காரணத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மண்ணில் கிடந்த இரும்பின் பழைய மேற்பரப்பு, மிச்சமிருக்கும் உலோகத்தின் மேல் இருப்பதில்லை. அது துருவுக்குள் ஒரு அடுக்காக இருக்கிறது! முத்திரை, தேய்ந்த தடம், சுத்தியல் அடி எல்லாம் அங்கேதான். முழுத் துருவையும் கழற்றினால் கையில் வருவது வேறு ஒரு சாமான். அதனால் இப்போது முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு எடுப்பது என்று பிறகுதான் முடிவு செய்கிறார்கள். நான் எக்ஸ்ரேக்கு எங்கே போக, ஆனால் ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாம்.

துருப்பிடிக்கவே விடாத அதிர்ஷ்டசாலியும் உண்டு. 1796-ல் இங்கிலாந்தின் சாத்தம் ஊரில் ஜோசப் சீட்டன் தன் மகன் பெஞ்சமினுக்கு ஒரு முழு செட் தச்சுக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். மகன் அவற்றுக்காக அழகான பெட்டி செய்து, ஒவ்வொரு கருவியின் விலையையும் கைப்பட எழுதி வைத்தார். கருவிகளை அதிகம் பயன்படுத்தவே இல்லை. பட்டியலும் பெட்டியும் ரோசெஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரம்பங்களில் செய்தவர் பெயர் தெளிவாகத் தெரிகிறது, ஷெஃபீல்டு நகரத்து கென்யன். இருநூறு வருடத்துக்கு முந்தைய சொத்துப் பட்டியல், விலையோடு! கணக்குப் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உழைத்த தாத்தாவின் கருவிகளுக்குப் பட்டியல் கிடையாது. எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டாவது உளியை நான் தேய்க்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதிலும் கைப்பிடிக்குக் கீழே லேசாக ஏதோ மேடு தெரிகிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும்.