வால்சாலில் விழுந்த அடி

எஃப்.ஏ. கோப்பையிலிருந்து அர்செனல் வெளியேறும்போதெல்லாம், ரசிகனான எனக்கு 1933 ஜனவரி 14தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் முதல் டிவிஷன் ஜாம்பவான், மூன்றாம் டிவிஷன் வால்சாலிடம் 0-2 என்று தோற்ற நாள்!

காய்ச்சல், காயம் என்று முக்கிய வீரர்கள் சிலர் இல்லை. மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் புதுமுகங்களை இறக்கினார். அவர்களில் ஒருவர் டாமி பிளாக். அவர் செய்த ஃபவுலுக்குக் கிடைத்த பெனால்டியில்தான் வால்சாலின் இரண்டாவது கோல். சில நாட்களிலேயே சாப்மன் அவரை பிளிமத் கிளப்புக்கு விற்றுவிட்டார்.

அர்செனலுக்கு என்ன நஷ்டம்? அந்த சீசனிலும் அடுத்த இரண்டு சீசன்களிலும் லீக் பட்டம் அவர்களுக்குத்தான். பிளாக்குக்கோ அர்செனல் சட்டையில் முதல் ஆட்டமே கடைசி ஆட்டம்.

அணியைத் தேர்ந்தெடுத்தவர் சாப்மன். தோற்றது பதினொரு பேர். பழி மட்டும் ஒருவர் தலையில்! நியாயமா, நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே.