மஞ்சக் கடுதாசிக்கு நாள் குறிப்பது எப்படி?

எங்க ஊர் தம்மம்பட்டியில ஒருத்தரைப் பத்தி "அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்"னு சொன்னா, அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. டீக்கடையில ரெண்டு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒவ்வொருத்தரும் "உனக்கு எவ்வளவு?" "உனக்கு எவ்வளவு?"ன்னு கேட்டுக்குவாங்க. கொஞ்சம் படிச்சவங்க "ஐ.பி. போட்டுட்டான்"னு சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான். "என்னால கடனைக் கட்ட முடியாது, என்னைத் திவாலானவன்னு அறிவிச்சிடுங்க"ன்னு கோர்ட்ல மனு போடுறது.

ஏன் மஞ்சள்? அந்தக் காலத்துல கோர்ட் நோட்டீஸ் மஞ்சத்தாள்ல வந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் என் கண்ணால பார்த்த ஒரே ஐ.பி. நோட்டீஸ் வெள்ளைத்தாள்ல இருந்துச்சு. அதை எங்கே பார்த்தேன்னு கடைசில சொல்றேன். இந்தப் பதிவை எழுதுறதே அதுக்காகத்தான்.

போன மாசம் அமெரிக்காவுல இருக்கற நண்பன் ஒருத்தனோட பேசிட்டிருந்தேன். அவன் கூட வேலை செய்ற ஒருத்தர் திவால் மனு போடப் போறாராம். ஆனா உடனே இல்லையாம். "டாக்ஸ் ரீஃபண்ட் வரட்டும், செலவு பண்ணிட்டு அப்புறம் போடுன்னு வக்கீல் சொல்லியிருக்கார்"னான். எனக்குச் சுருக்குன்னுது. வரப்போற பணத்தைக் கணக்குப் பண்ணி, திவாலுக்கு நாள் குறிக்கிற வித்தையை நான் ஏற்கனவே எங்க வீட்டுக் கூடத்துலயே பார்த்திருக்கேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல கொஞ்சம் சரித்திரம், கொட்டாவி விடாதீங்க :-)

"திவால்"ங்கற சொல் வடக்கிலிருந்து வந்தது. நொடிச்சுப்போன வியாபாரி பட்டப்பகல்ல கடையில விளக்கேத்தி வச்சிடுவானாம். பகல்ல விளக்கெரிஞ்சா கடன் குடுத்தவங்க புரிஞ்சுக்கணும். இது கதையா நிஜமான்னு அடிச்சுக்க வேண்டாம். ஆனா அந்த விளக்குல ஒரு நியாயம் இருக்கு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியுது.

வெள்ளைக்காரன் வந்தப்புறம் விளக்கு போய் மனு வந்துச்சு. 1828ல கல்கத்தா, சென்னை, பம்பாய் மூணு ஊருக்கும் திவால் நீதிமன்றங்கள் வந்தன. 1848ல இன்னும் விரிவான சட்டம். ரெண்டுமே மாநகரங்களுக்குத்தான். சேலம் ஜில்லாக்காரனுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்துல ஒரு அத்தியாயம் மட்டும்தான் இருந்துச்சு. கடனுக்கு ஜெயில்ல போடலாம், ஜெயில் சாப்பாட்டுச் செலவைக் கடன் குடுத்தவர்தான் கட்டணும். ஜெயில்லருந்து வெளிய வர்றதுக்கான வழியாத்தான் ரொம்பப் பேருக்குத் திவால் மனுவே தெரியும்.

அப்புறம் வந்தது 1906. சென்னையின் மிகப்பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள்ல ஒண்ணு அர்பத்நாட் அண்ட் கோ. வங்கியாவும் நடந்துச்சு. பென்ஷன்காரர், விதவை, ஜமீன், கோயில்னு எல்லார் பணமும் அங்கே. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கதவைச் சாத்திட்டு திவால் மனு குடுத்துட்டாங்க. அதே சமயத்துல லண்டன்ல இவங்களோட தொடர்புள்ள கம்பெனியை நடத்தின மக்ஃபேடியன் ரயில் முன்னாடி விழுந்து செத்துப்போனார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் மேல வழக்கு நடந்து 18 மாசம் கடுங்காவல் கிடைச்சுது. கடன்காரர்கள் பக்கம் வாதாடின வி.கிருஷ்ணசாமி ஐயர், "நம்ம பணத்துக்கு நம்ம வங்கி வேணும்"னு கிளம்பினதுல உருவானதுதான் 1907ல தொடங்கின இந்தியன் வங்கி.

இந்தக் கதையில எல்லாரும் இந்தியன் வங்கியோட நிறுத்திடுவாங்க. எனக்கு உறுத்துறது அந்தத் திங்கட்கிழமை. கதவு சாத்தப்போற நாள் உள்ளே இருக்கறவனுக்குத் தெரியும். வெளியே டெபாசிட் பண்ண வரிசையில நிக்கறவனுக்குத் தெரியாது. திவால் சட்டத்தோட மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வித்தியாசத்துல அடங்கிடும்.

1907ல மாநகரங்களுக்கு வெளியே இருக்கற ஊர்களுக்கும் தனி திவால் சட்டம் வந்துச்சு. 1909ல மாநகரங்களுக்குப் புதுச் சட்டம். 1907 சட்டத்தை மாத்தி எழுதினதுதான் 1920 மாகாணத் திவால் சட்டம். எங்க ஊர்ல மஞ்சக் கடுதாசின்னு சொல்றது இதைத்தான். அன்னைக்கு 500 ரூபாய் கடன் இருந்தா மனு போடலாம். இன்னைக்கும் சட்டத்துல அதே 500தான் இருக்கு. பிரியாணிக் கடனுக்கே ஐ.பி. போடலாம் போல!

இதுல நாள் கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க.

கோர்ட் ஒருத்தரைத் திவால்னு அறிவிக்க மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஆகலாம். ஆனா அறிவிச்சதும் அது மனு போட்ட தேதியிலிருந்தே நடப்புக்கு வந்ததா அர்த்தம். அன்னைக்கு அவர்கிட்ட இருந்த சொத்து, வரவேண்டிய பணம் எல்லாம் கோர்ட் ரிசீவர் கைக்குப் போயிடும். "சரி, மனு போட்டப்புறம் வர்ற பணம் எனக்குத்தானே?"ன்னா, அதுவும் இல்லை. கோர்ட் முழுசா விடுவிக்கிற வரைக்கும் புதுசா வர்ற சொத்தும் ரிசீவருக்கே. சிவில் சட்டப்படி ஜப்தி பண்ணக்கூடாதது மட்டும் தப்பிக்கும். விவசாயிக்கு உழவு மாடு, விதை தானியம், குடியிருக்கற வீடு; கைத்தொழில் செய்றவருக்கு அவரோட கருவிகள். அதாவது எங்க ஊர் மரச்சிற்பக்காரரோட உளியைத் தொட முடியாது. செதுக்கி முடிச்ச சிலையை எடுத்துக்கலாம்.

ஆக, இங்கே வரப்போற பணத்துக்காகக் காத்திருக்கறதுல ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். பணம் வந்ததும் அதை யார்கிட்டயாவது சேர்த்துட்டு, அப்புறம் மனு போடுறது. சட்டம் எழுதினவங்களுக்கும் இது தெரியும். அதனால 54ஆவது பிரிவு ஒண்ணு வச்சாங்க. கடன்காரர்கள்ல ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டணும்னே பணம் குடுத்து, அதுலருந்து மூணு மாசத்துக்குள்ள திவால் மனு வந்தா, அந்தக் கொடுக்கல் செல்லாது. ரிசீவர் திருப்பி வாங்கிடலாம். மூணு மாசம் தாண்டிட்டா இந்தப் பிரிவு தொடாது.

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம்.

அங்கே டாக்ஸ் ரீஃபண்டுக்காகவே உச்சநீதிமன்றம் வரை போயிருக்காங்க. 1961 செப்டம்பர்ல சீகல்னு ரெண்டு பேர், அவங்க கூட்டு வியாபாரம் நொடிச்சு மனு போட்டாங்க. அந்த வருஷ நஷ்டத்தைக் காட்டி 1959, 1960ல கட்டின வரியில ஒரு பங்கைத் திரும்ப வாங்கலாம். ஆனா வருஷம் முடிஞ்சாத்தானே கேக்க முடியும்? மனு போட்ட அன்னைக்கு அப்படி ஒரு சொத்தே இல்லையேங்கறது அவங்க வாதம். 1966ல தீர்ப்பு: அந்த ரீஃபண்டோட வேர் திவாலுக்கு முந்தின காலத்துல இருக்கு, அதனால அது கடன்காரர்களுக்குத்தான்.

அடுத்தது கோகோஸ்கா வழக்கு. சாதாரணத் தொழிலாளி. 1972 ஜனவரி 5ல மனு போட்டார். அப்புறம் வந்த ரீஃபண்ட் 250 டாலர் 90 சென்ட். "இது என் சம்பளத்துல பிடிச்ச பணம், சம்பளத்துக்குத்தான் சட்டத்துல பாதுகாப்பு இருக்கே"ன்னார். 1974ல உச்சநீதிமன்றம் இல்லைன்னுடுச்சு. அந்த 250 டாலரும் போச்சு.

இவர் ரீஃபண்டை வாங்கி வீட்டு வாடகையும் மளிகையும் கட்டிட்டு, மார்ச்ல மனு போட்டிருந்தா? அந்தப் பணம் திவால் கணக்குக்கே வந்திருக்காது. மனு போட்ட தேதிங்கற கோடு அங்கே அவ்வளவு கறார். சாதாரணத் தொழிலாளி போடுற திவால் மனுவுல, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறது கடன்காரனுக்கு, அதுக்கப்புறம் சம்பாதிக்கிற சம்பளம் உனக்கு. அதனாலதான் வக்கீல் "ரீஃபண்ட் வரட்டும்"னு சொல்றார். ஆனா இன்னொண்ணும் கண்டிப்பா சொல்லுவார்: "வந்த பணத்தைச் சொந்தக்காரங்க கடனுக்குக் கட்டிடாதே." 1978ல வந்த அவங்க திவால் சட்டப்படி மத்த கடன்காரங்களுக்குத் திருப்பின பணத்தை 90 நாள் வரைக்கும்தான் தோண்டலாம். சொந்தக்காரங்களுக்குக் குடுத்திருந்தா ஒரு வருஷம் வரைக்கும் தோண்டலாம். ஒருத்தன் மூழ்கப்போறான்னு முதல்ல தெரியறது சொந்தக்காரங்களுக்குத்தான்னு அந்தச் சட்டத்துக்குப் புரிஞ்சிருக்கு.

நம்ம 1920 சட்டத்துல அந்த வித்தியாசம் இல்லை. மாமனும் ஒண்ணு, மளிகைக்கடைக்காரரும் ஒண்ணு. எல்லாருக்கும் மூணு மாசம்.

இனி அந்த வெள்ளைத்தாள் கதை.

என் தாய்மாமாவுக்கு ஊர்ல மரவள்ளிக் காடு. தண்ணி இல்லாம போர் மேல போர் போட்டு, நடுவுல ஒரு பழைய லாரியும் வாங்கி, கடன் கழுத்துக்கு வந்துடுச்சு. 2014 தை மாசம் கிழங்கு பிடுங்கி சேகோ ஃபேக்டரிக்கு ஏத்தினார். நான் அப்ப ப்ளஸ் டூ. கிழங்குப் பணம் வர்றதுக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி எங்க வீட்டுக்கு வந்தார். அப்பாகிட்ட அவர் வாங்கியிருந்தது ஒன்றரை லட்சம்.

"மச்சான், பணம் வந்ததும் உங்களுதை முதல்ல குடுத்துடறேன். பையன் காலேஜ் இருக்கு. ஆனா குடுத்துட்டு மூணு மாசம் நான் ஓட்டணும். வெளிய மூச்சு விட்றாதீங்க."

மூணு மாசக் கணக்கை யார் அவருக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. அப்பா ஒண்ணும் பேசலை. வேண்டாம்னும் சொல்லலை. பணம் வந்துச்சு. மாமா மத்தவங்களுக்கு "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னு சொல்லி மூணு மாசத்தைத் தாண்டி, மே மாசம் ஆத்தூர்ல மனு போட்டார்.

எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மரச்சிற்பத் தொழிலாளி. பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்ததுல 40,000 ரூபாயை மாமாவுக்குக் கைமாத்தாக் குடுத்திருந்தார். வந்த நோட்டீஸைப் படிச்சுச் சொல்லச் சொல்லி எங்க வீட்டுக்குத்தான் எடுத்துட்டு வந்தார். நான்தான் படிச்சேன். கடன்காரர்கள் பட்டியல்ல அவர் பேர் இருந்துச்சு. அப்பா பேர் இல்லை.

"உங்களுக்கும் தரணும்ல? உங்க பேரைக் காணோமேப்பா?"ன்னார். அப்பா வெத்தலையை மடிச்சுக்கிட்டே "ஆமா"ன்னார். எதுக்கு ஆமான்னு அவரும் கேக்கலை. ஆகஸ்ட்ல அந்தப் பணத்துலதான் எனக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டினாங்க.

இந்தச் சட்டத்தைப் படிக்கப் படிக்க எனக்கு வலிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் சலுகையாக் குடுக்கறதே 1920 சட்டப்படி ஒரு "திவால் செயல்". அது நடந்த மூணு மாசத்துக்குள்ள மத்த கடன்காரங்களே கோர்ட்டுக்குப் போகலாம். போயிருந்தா அந்த ஒன்றரை லட்சத்தையும் பொதுவுல கொண்டுவரக் கேட்டு, எல்லாருக்கும் பங்கு போடச் சொல்லியிருக்கலாம். சிற்பக்காரருக்கும் அந்த உரிமை இருந்துச்சு. அது இருக்குன்னு தெரிஞ்சாத்தானே? பகல் விளக்கு எரிஞ்சது எங்க வீட்டுக்குள்ள மட்டும்.

இதே சேலத்துல வக்கீலா இருந்த ராஜாஜி வேற மாதிரி ஒரு கோடு போட்டார். பிரதமரா (அப்ப முதலமைச்சருக்கு அதான் பேர்) இருந்தப்ப 1938ல கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முன்னாடி வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்னைக்கு நிலுவையில இருந்த வட்டி முழுக்க ரத்து. அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தா கடனே முடிஞ்சுது. நூறு ரூபாய் வாங்கி, வட்டியாவே நூத்தம்பது கட்டியிருந்தா இன்னும் அம்பது கட்டினாப் போதும். வட்டிக்கு விட்டவங்க கொதிச்சாங்க. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னவங்களுக்கு இந்த அளவு சலுகை இல்லை. ஆனா தேதியைக் கடனாளியும் குறிக்கலை, கடன் குடுத்தவரும் குறிக்கலை. யாரும் ராத்திரியில வந்து ரகசியம் பேச வேண்டியிருக்கலை.

2016ல வந்த புதுத் திவால் சட்டத்துல தனிநபர்களுக்கும் ஒரு பகுதி இருக்கு. அதுல நெருங்கியவங்களுக்குக் காட்டின சலுகையை ரெண்டு வருஷம் வரைக்கும் தோண்டலாம், மத்தவங்களுக்கு ஆறு மாசம். ஆனா அந்தப் பகுதியில 2019 டிசம்பர்ல நடைமுறைக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும். மரவள்ளிக் காட்டுக்காரருக்கும் மரச்சிற்பக்காரருக்கும் 1920 சட்டம்தான்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் 40,000 ரூபாயை எடுத்துட்டு அந்தச் சிற்பக்காரர் வீட்டுக்குப் போனேன். மாமா குடுக்கச் சொன்னார்னு பொய் சொன்னேன். அவர் எண்ணிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்கப்பாவுக்கு வந்துடுச்சாப்பா?"ன்னு கேட்டார்.

"வந்துடுச்சுங்க"ன்னேன். எப்பன்னு அவர் கேக்கலை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் நாள் குறிக்கக் கிளம்பிடாதீங்க. உங்க ஊர்ல மஞ்சக் கடுதாசிக்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.