கழுத்து ரத்தக்குழாய் அறுவை: ஒரு சிறு வரலாறு

கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்த ரத்தக்குழாய்க்குக் கரோட்டிட் என்று பெயர். மயங்கச் செய்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்பது பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது.

இக்குழாயில் கொழுப்புப் படிந்தால் பக்கவாதம் வரும் என்று 1951-இல் கனடா மருத்துவர் மில்லர் ஃபிஷர் விளக்கினார். 1953-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி குழாயைத் திறந்து அடைப்பை எடுத்தார். 1954-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட் குழுவினர் அடைபட்ட பகுதியையே வெட்டி நீக்கி இணைத்தார்கள். அதற்குமுன் நோயாளியின் உடலைக் குளிர்வித்தார்கள். குளிர்ந்த மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவாகப் போதும் அல்லவா!

அறுவையின்போது குழாயைக் கிளாம்ப் போட்டு மூட வேண்டும். அவ்வேளையில் மற்றக் குழாய்கள்தான் மூளைக்கு ரத்தம் தர வேண்டும். அவை கூடும் வளையத்தைத் தாமஸ் வில்லிஸ் 1664-இல் விவரித்தார். ஆனால் அந்த வளையம் எல்லாருக்கும் முழுமையாக இருப்பதில்லை. மூளை தவிப்பதை எப்படி அறிவது?

ரத்தத்தையே கேட்டுப் பார்த்தார்கள். மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததா, லாக்டேட் கூடியதா என்று அளந்தார்கள். 1965-இல் பிளேக் மூர் மாட்டு மூளையிலிருந்து எஸ்-100 என்ற புரதத்தைப் பிரித்தார். மூளைச் செல் கெட்டால் அது ரத்தத்தில் கசியும். சிக்கல் என்னவென்றால், கொழுப்புத் திசுவிலும் அது உண்டு. மேலும் கசிந்து தெரிய நேரமாகும். சரக்கு நஷ்டமான பிறகு வரும் கணக்குச் சீட்டு மாதிரிதான். டாக்டருக்கோ, தற்காலிகக் குழாய் செருகலாமா என்று அந்த நிமிஷமே தெரியணும்.

ஆகவே பல இடங்களில் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளியோடு பேசிக்கொண்டே அறுவை செய்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் சத்தமிடும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து அமுக்கச் சொல்வதும் உண்டு. சத்தம் நின்றால் மூளை தவிக்கிறது என்று பொருள். ஆனாலும் 3,526 பேரை வைத்து நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், முழு மயக்கத்துக்கும் இதற்கும் பலனில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கை மரத்து, வாய் குழறி, பத்து நிமிஷத்தில் சரியாப் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். அப்படி அறிகுறி கண்டு, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் உள்ளவர்களை 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு கவனித்தது. மருந்து மட்டும் எடுத்தோரில் 26 சதவீதம் பேருக்கு இரண்டாண்டில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்தோரில் 9 சதவீதம்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.