மருந்து எடுத்துத் தரும் இயந்திரமும் நம் கண்களும்

வளைகுடா மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிய பொருள்தான். வார்டில் ஒரு அலமாரி, மேலே கணினித் திரை, கீழே பூட்டிய இழுப்பறைகள். செவிலியர் விரல் ரேகை வைத்து, நோயாளியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், மருத்துவர் எழுதி மருந்தாளுநர் சரிபார்த்த மருந்தின் அறை மட்டும் திறக்கும். யார், எப்போது, எத்தனை எடுத்தார் என்பதும் பதிவாகிவிடும். அமெரிக்காவில் 1980களின் இறுதியில் வந்த முறை இது.

அப்படியானால் தவறே நடக்காதா? 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வான்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கப் பயந்த 75 வயது அம்மையாருக்குப் பதற்றம் தணிக்க ‘வெர்செட்’ என்ற மருந்து எழுதப்பட்டது. செவிலியர் அதன் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். இயந்திரமோ கம்பெனிப் பெயரில் தேடாமல் மூலப்பெயரில் தேடியது. மருந்து கிடைக்காததால், அவசரத்துக்கென வைத்திருக்கும் வழியில் பூட்டைத் திறந்தார். வந்தது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ‘வெக்குரோனியம்’. வெர்செட் திரவம், இதுவோ கரைத்து ஏற்ற வேண்டிய பொடி. குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. யாரும் நின்று படிக்கவில்லை. அம்மையார் உயிரிழந்தார். 2022 மார்ச்சில் செவிலியர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. இயந்திரத்தை அப்படி அமைத்தவர்களுக்கும் பங்கில்லையா என்ற கேள்வியைச் செவிலியர்கள் பலர் எழுப்பினர். நமக்கும் அது நியாயமாகவே படுகிறது.

நம் திருவள்ளூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் நாம் நிற்பது மருந்தாளுநரின் ஜன்னல் முன்புதான். அங்கு வரும் மாத்திரைகளை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறது. ஆனால் ஜன்னலுக்கும் நம் வீட்டுக்கும் இடையே சோதிப்பவர் நாம்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளிக்குத் தமிழில் எழுதிய மருந்து உறை புரியாது. வரிசையில் பக்கத்தில் நின்றால் படித்துச் சொல்லுங்கள்.

ஜன்னலை விட்டு நகரும் முன், சீட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா, மில்லிகிராம் ஒன்றா என்று பாருங்கள். போன மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த மாதம் மஞ்சளாக இருந்தால் கேட்டுவிடுங்கள். கம்பெனி மாறியிருக்கலாம், மருந்தே மாறியும் இருக்கலாம். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.