ஒட்டாத உறையில் வந்த முகூர்த்தப் பத்திரிகை

விவாகத்துக்கு அழைப்பதென்றால் நேரில் போய் அழைப்பதே முறை என்று நம் முன்னோர் கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டு, வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் தட்டில் எடுத்துக்கொண்டு, வாசற்படி ஏறி, வீட்டுப் பெரியவர்களை முறை சொல்லி அழைத்தால்தான் அது அழைப்பு. அயல் கிராமங்களுக்கு ஊர் நாவிதர் பாக்கும் செய்தியும் கொண்டு போவதுண்டு, அவருக்கு நெல்லோ வேஷ்டியோ கிடைப்பதுமுண்டு. பந்துக்கள் எல்லாரும் மாட்டு வண்டிப் பிரயாணத்துக்கு உட்பட்ட தூரத்தில் வசித்தவரை இந்த ஏற்பாட்டுக்குக் குறைவு நேரவில்லை.

1856-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கி, அதன் பிறகு இருப்புப் பாதை தெற்கே நீளநீள, ஒரே குடும்பத்தில் மூத்தவன் சென்னைக் கச்சேரியில் குமாஸ்தாவாகவும், இளையவன் ரங்கூனில் செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாகவும், மாப்பிள்ளை வேறொரு ஜில்லாவில் உபாத்தியாயராகவும் சிதறிப் போன காலத்தில்தான், தட்டை எடுத்துக்கொண்டு எத்தனை வாசல் ஏறுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்குள் தபாலும் மலிந்துவிட்டிருந்தது. சென்னையில் 1786-லேயே பெரிய தபாலாபீஸ் ஏற்பட்டிருந்தபோதிலும், தூரத்துக்குத் தக்கபடி கூலி கேட்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் தபால் சாமானியர் கைக்கு எட்டியதல்ல. 1854-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி காலத்துச் சட்டம் தூரக் கணக்கை அடியோடு நீக்கி, எடையை மட்டும் பார்த்துக் கால் தோலாவுக்கு அரையணா என்று விதித்தது. கால் தோலா என்பது ஏறக்குறைய 3 கிராம். மெல்லிய காகிதம் ஒன்றை மடித்து வைத்தால் அதோடு சரி. 1879-இல் காலணாக் கார்டு வந்தது. ஆனால் இழவுச் செய்தியும் பெரும்பாலும் கார்டிலேயே வந்துகொண்டிருந்தபடியால், சுப காரியத்துக்குக் கார்டு எழுதப் பெரியவர்கள் மனம் கூசினார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போதே இது மங்களச் செய்தி என்று தெரியும்படி பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியதற்கு, சாஸ்திரத்தோடு இந்த அச்சமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

1922-இல் கார்டு காலணாவிலிருந்து அரையணாவாகவும், கவர் அரையணாவிலிருந்து ஓரணாவாகவும் ஏறின. முந்நூறு பேருக்குப் பத்திரிகை அனுப்பும் வீட்டில் 9 ரூபாய் 6 அணாவாக இருந்த தபால் செலவு 18 ரூபாய் 12 அணா ஆயிற்று என்றால், பவுன் விலையையும் சமையற்காரர் கூலியையும் எண்ணி எண்ணி மலைத்துக்கொண்டிருந்த தகப்பனாருக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சிட்ட காகிதங்களுக்கென்று தபால் இலாகா வைத்திருந்த ‘புக் போஸ்ட்’ என்னும் கட்டணச் சலுகை கல்யாண வீடுகளின் கண்ணில் நன்றாகப் பட்டது இதற்குப் பிறகே என்று நினைக்கிறேன்.

அந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் இரண்டு. உள்ளிருப்பதைத் தபால்காரர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்படி உறை திறந்திருக்க வேண்டும். உள்ளே சொந்தக் கடிதம் எதுவும் இருக்கக் கூடாது. முதல் நிபந்தனையின்படி உறையின் மூடியைப் பசை தடவி ஒட்டாமல் உள்ளே செருகிவிடுவது வழக்கமாயிற்று. அதையும் மிஞ்சிய சிக்கனக்காரர்கள், உறையே வேண்டாமென்று, மஞ்சள் காகிதத்தை மடித்து, வெளிப்பக்கத்தில் விலாசமும் தபால்தலையும் வைத்து அனுப்பினார்கள். இரண்டாவது நிபந்தனைதான் வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம் விளைவித்தது. ‘அத்தையை நாலு நாள் முன்னதாகவே அனுப்பி வைக்கவும், அப்பளம் இட ஆள் இல்லை’ என்று பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினாலும் அது கடிதமாகிவிடும். கண்டிப்பான குமாஸ்தா ஒருவர் கையில் அது அகப்பட்டால், கட்டணத்தில் குறைந்த தொகையைப் போல் இரு மடங்கு, பெற்றுக்கொள்பவர் தலையில் விழும். மங்களப் பத்திரிகையைப் பேரிங்காகக் காசு கொடுத்து வாங்க நேர்ந்த சம்பந்தி, அந்தக் காலணா அரையணாவைக் கல்யாணம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார். அதனால் விவரமறிந்தவர்கள் அத்தைக்குத் தனியாக ஒரு கார்டு எழுதிப் போட்டார்கள்.

இப்படி, கையெழுத்துக்கு இடமில்லாமல், வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கும்படி, அச்சான வாசகத்தை மட்டும் அனுப்ப வேண்டிவந்தபோது, அந்த அழைப்பில் மரியாதைக் குறைவு தெரியாமலிருக்க ஓர் உபாயம் தேவைப்பட்டது. ‘இதையே நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து’ வரவேண்டும் என்ற வாசகம் பத்திரிகையின் அடியில் ஏறியது அந்த உபாயமாகத்தான். கோபித்துக்கொள்ளும் பந்துக்களை அது முழுவதும் சமாதானப்படுத்தியதாகச் சொல்ல முடியாது. தபாலில் வந்த பத்திரிகையைக் கணக்கிலேயே வைக்காத சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருந்தார்கள். அவர்களுக்காகவே, ஓர் ஊருக்குரிய பத்திரிகைகளை ஒரே கட்டாகக் கட்டி, அந்த ஊரிலுள்ள நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அனுப்பி, ‘எங்கள் சார்பில் நேரில் கொடுத்துவிடுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இதில் தபால் செலவும் மிச்சம், கௌரவமும் மிச்சம். கட்டைப் பெற்றுக்கொண்டவருடைய செருப்பு தேய்ந்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ரங்கூன் பந்துக்கள் விஷயத்தில் இன்னொரு செய்தி உண்டு. 1937-இல் பர்மா தனியாகப் பிரிக்கப்படும்வரை கும்பகோணத்துக்கும் ரங்கூனுக்கும் ஒரே உள்நாட்டுத் தபால் கட்டணம்தான். கடல் கடந்து போகும் பத்திரிகைக்கும் அடுத்த தெருவுக்குப் போவதற்கும் பேதமில்லை. பிரிந்த பிறகு அது அயல்தேசத் தபாலாகிவிட்டது.

தீப்பெட்டிக்கு லேபிள் அச்சிடத் தொடங்கிய சிவகாசி அச்சகங்கள் பிற்காலத்தில் கல்யாணப் பத்திரிகைகளையும் குவித்துத் தள்ளியபோது, உறையின் மூலையிலேயே ‘புக் போஸ்ட்’ என்று அச்சிட்டு விற்றன. காகிதம் அட்டையாகி, அட்டையில் பிள்ளையார் புடைத்தெழுந்து, எடை ஏற ஏறச் சலுகையின் பயனும் ஏறிற்று. 2001-க்குப் பிந்தைய கட்டணப்படி 20 கிராம் கவருக்கு 5 ரூபாயாக இருந்தது. புக் போஸ்டில் 50 கிராம் வரை 4 ரூபாய்தான். 50 கிராமைத் தாண்டினால் மறுபடி ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருந்ததால், காரியம் தெரிந்தவர்கள் கடையில் மாதிரி அட்டை ஒன்றை வாங்கிவந்து, உறையோடு தபாலாபீஸ் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே அச்சுக்கு முன்பணம் கொடுத்தார்கள்.