நெட்ஸ்கேப் எப்படித் தோற்றது?

1990களின் பிற்பகுதியில் இணையம் பார்த்தவர்களுக்கு அந்த 'என்' எழுத்து நினைவிருக்கும். திரையின் மூலையில் ஒரு பெரிய 'என்', அதன் மேலே பறக்கும் எரிநட்சத்திரங்கள். டயல்-அப் இணைப்பில் ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் நான் அந்த நட்சத்திரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் நெட்ஸ்கேப் நேவிகேட்டர். அன்று பலருக்கு இணையம் என்றாலே அதுதான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்ற பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசனும், தொழிலதிபர் ஜிம் கிளார்க்கும் 1994 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி இது. பதினாறே மாதங்களில், 1995 ஆகஸ்ட் 9 அன்று, பங்குச்சந்தைக்கு வந்தது. 28 டாலர் விலை வைத்த பங்கு அன்று மாலை 58 டாலரைத் தாண்டி நின்றது.

அதே மாதம் 24ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. அதையொட்டி மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தது. மொசைக்கின் உரிமம் பெற்றிருந்த ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடமிருந்து வாங்கிய நிரல்தான் அதற்கு அடித்தளம். ஆக, இது ஒரு வகையில் பங்காளிச் சண்டை!

நெட்ஸ்கேப்பை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரோ இலவசம், போகப்போக விண்டோஸுடன் ஒட்டியே வந்தது. கணினி தயாரிப்பாளர்கள் அதன் படத்தை முகப்பிலிருந்து எடுக்கக்கூட முடியாது. 1996இல் காம்பேக் எடுத்துப் பார்த்தது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று மிரட்டல் வந்ததும் மறுபடி வைத்துவிட்டது. இதெல்லாம் பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் பதிவான உண்மைகள். ஆனால் 1999இல் நீதிபதி ஜாக்சன் அவற்றை எழுதியபோது பந்தயமே முடிந்திருந்தது.

பெரியவன் சின்னவனை நசுக்கினான் என்று கதையை இங்கேயே முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப்பும் தன் பிரவுசரை இலவசமாக்கியது. மூல நிரலையும் உலகுக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. பிறகு அந்தப் பழைய நிரல் சிக்கலாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 1997இல் 4ஆம் பதிப்பு வந்தது. 5 வரவே இல்லை. 6 வந்தது 2000 நவம்பரில். மூன்று வருடம் புதுச்சரக்கே வராத கடைக்கு எந்த வாடிக்கையாளர் வருவார்? இதற்குள் எதிர்க்கடை இரண்டு புதிய பதிப்புகளை இறக்கிவிட்டது.

1998 நவம்பரில் ஏ.ஓ.எல். கம்பெனி, 4.2 பில்லியன் டாலர் மதிப்பில் நெட்ஸ்கேப்பை வாங்குவதாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், வாங்கிய பிறகும் ஏ.ஓ.எல். தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது எக்ஸ்ப்ளோரரைத்தான். 2008 மார்ச் 1 அன்று நெட்ஸ்கேப்புக்கான ஆதரவு நின்றுபோனது.

திறந்துவிட்ட அந்த நிரலிலிருந்து தொடங்கிய மொசில்லா திட்டம்தான் 2004இல் ஃபயர்ஃபாக்ஸைத் தந்தது. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், நீங்கள் இதைப் படிக்கும் பிரவுசரிலும் இருக்கிறது. வென்ற எக்ஸ்ப்ளோரரும் 2022இல் ஓய்வு பெற்றுவிட்டது, என்னைப் போலவே.