மேட்டூர் அணை நிரம்பினால் மட்டும் போதுமா? டெல்டாவின் 230 நாள் தண்ணீர் கணக்கு!

மேட்டூர் அணை 120 அடியை எட்டியது என்று செய்தி வந்தாலே, 'இந்த வருஷம் விவசாயத்துக்குக் கவலை இல்லை' என்று தோன்றும். ஆனால், நிரம்பிய அணையை மட்டும் நம்பி டெல்டாவில் ஒரு சாகுபடி ஆண்டைத் தாண்ட முடியாது. ஏன்? சின்னதா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எத்தனை நாள் தாங்கும்?

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால், ஒரே நாளில் 0.86 டிஎம்சி காலி. நீர்வரத்தே இல்லையென்றால் அணை 108 நாள்தான் தாங்கும். குடிநீர், ஆவியாதல் எல்லாம் போக இன்னும் குறையும்.

ஆனால் வழக்கமாகப் பாசனத்துக்கு நீர் திறப்பது ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. அதாவது 230 நாள்! மீதி நாட்களுக்குக் கர்நாடகாவிலிருந்து வரும் காவிரி நீரும், வடகிழக்குப் பருவமழையும்தான் கைகொடுக்க வேண்டும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. அதில் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் 45.95 டிஎம்சி.

பயிருக்கு எப்போது முக்கியம்?

நெல்லுக்கு எல்லா நாளும் ஒரே அளவு தண்ணீர் தேவைப்படாது. சேற்றுழவு, நடவு சமயத்தில் அதிகம் வேண்டும். சூல் கட்டி, பூக்கும் சமயத்தில் வயல் காய்ந்தால் கதிர் பதராகிவிடும். அறுவடைக்குச் சில நாள் முன்பு தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல்: மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வரவே சுமார் 3 நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் தாமதம். பயிர் வாடிய பிறகு திறந்தால் லேட்!

2023-ல் என்ன ஆச்சு?

அந்த ஆண்டு ஜூன் 12-ல் குறுவைக்கு அணை திறக்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த நீர்வரத்து இல்லாததால், அக்டோபர் 10-ம் தேதியே மூடப்பட்டது. சம்பா விவசாயிகள் மழையை நம்பி இருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பயிரைக் காப்பாற்ற 2024 பிப்ரவரியில் 2 டிஎம்சி திறக்க வேண்டி வந்தது. அடுத்த குறுவைக்கும் ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. ஜூலை 28-ல்தான் அணை திறந்தது.

அப்போ என்ன வழி?

* மழை பெய்யும் நாட்களில் திறப்பைக் குறைத்து, அணையில் சேமிப்பது.
* பற்றாக்குறை என்றால் முறைப்பாசனம்: வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது.
* வயலில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்': கட்டிய நீர் வடிந்த பிறகே மறுபடி பாய்ச்சுவது.
* அணை திறக்கத் தாமதமானால் குறுகிய கால நெல் ரகத்துக்கு மாறுவது.

அதனால், அடுத்த முறை மேட்டூர் செய்தி பார்க்கும்போது நீர்மட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்பதையும் பாருங்கள். சம்பா கரையேறுமா என்பது அந்த ரெண்டு நம்பரில்தான் இருக்கிறது.